கரிசலில் ஒரு சொட்டுச் சிவப்பு

எண்ணெய்க் கிணற்றுக்குள் ஒன்றைப் போட்டுவிட்டு, அது எப்போது திரும்பி மேலே வரும் என்று காத்து நிற்பதுதான் என் வேலையாக இருந்தது. கோவில்பட்டியில் யாரிடமாவது இதைச் சொன்னால், "போட்டது வராமப் போச்சுன்னா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். நான் அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டின் முன்னாலும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு இயல்பிலேயே பயந்த சுபாவம். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, என்னோடு வேலை பார்த்த இளையவர்கள் அவ்வப்போது போன் பண்ணுகிறார்கள். இப்போது எல்லாவற்றையும் கருவியே பார்த்து, கோடாகப் போட்டுக் காட்டிவிடுகிறதாம். "நீங்க வெறுங்கண்ணால பாத்து எப்படிண்ணாச்சி நம்புனீய?" என்று ஒருவன் கேட்டான். நம்பவில்லை என்பதுதான் உண்மை. நம்பாமல் எப்படி வேலை பார்த்தோம் என்று சொல்ல வேண்டுமானால் ராஜரத்தினம் சாரைப் பற்றியும், கிடை போடுகிற பேச்சியம்மாளைப் பற்றியும் எழுத வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. பிறகு தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குச்சி அடுக்கி, கட்டை சுமந்து, கொஞ்ச நாளில் மருந்து முக்குகிற இடத்துக்குப் போனேன். அங்கே போன நாளிலிருந்து, சட்டையில் ஒட்டிய மருந்து வீட்டு அடுப்பில் பற்றிக்கொள்ளுமோ என்கிற கவலை பிடித்துக்கொண்டது. வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். என் அத்தை மகன் தஞ்சாவூர்ப் பக்கம் எண்ணெய் தோண்டுகிற ரிக்கில் காண்டிராக்ட் ஆளாக இருந்தான். "இங்கன சேறு கலக்குற வேல இருக்கு. தண்ணியும் மண்ணுந்தான், தீ கெடையாது. நீ வா" என்று எழுதினான். போனேன். சேர்ந்த வாரமே என் கையில் கார்பைடு கல்லைக் கொடுத்தார்கள். மாங்காய் பழுக்க வைக்கிறார்களே, அதே கல். தண்ணீர் பட்டால் பற்றக்கூடிய வாயு கிளம்பும்.

தோண்டுகிற முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பூமிக்குள் இறங்குகிற குழாய் உள்ளே வெறுமையாக இருக்கும். அதன் வழியே சேற்றுக் கரைசலை மேலிருந்து அழுத்தி அனுப்புவார்கள். அது அடியில் உளிமுனை வழியாக வெளியேறி, உடைந்த பாறைத் துகள்களை அள்ளிக்கொண்டு குழாய்க்கு வெளிப்புறமாக மேலே ஏறி வரும். அப்படித் திரும்பி வருவதற்குப் பெயர் ரிட்டர்ன். சல்லடையில் விழுகிற துகள் எந்த ஆழத்துப் பாறை என்று தெரிய வேண்டுமானால், கீழே இருந்து மேலே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் கார்பைடு. தாளில் பொட்டலம் கட்டி, குழாய் மாட்டுகிற சமயம் பார்த்து வாய்க்குள் போடுவோம். அந்த வாயு திரும்பி வந்து மேலே உள்ள கருவியின் முள்ளை அசைக்கிற வரை காத்திருப்போம். பொட்டலம் கட்டுவதில் எனக்கு நல்ல பெயர். தீப்பெட்டி ஆபீஸ் கை.

அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுத்தான் ராஜரத்தினம் சார் என்னைத் தன் ஆய்வுக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டார். கும்பகோணத்துக்காரர். ரசாயனம் படித்தவர். எல்லோரையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார், என்னையும்தான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் துடைத்து முடித்த பிறகும் மாட்டமாட்டார்.

அவரிடம் வேலை என்பது முதலில் பாட்டில் கழுவுவது. எந்தத் தண்ணீரைப் பிடிக்கப் போகிறோமோ அந்தத் தண்ணீராலேயே மூன்று தடவை அலசிக் கொட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கு முன்பே சீட்டு ஒட்டிவிட வேண்டும். "பேர் இல்லாத தண்ணி அநாதை தம்பி. அப்புறம் யார் வேணா வந்து என் புள்ளைம்பான்" என்பார். அடுத்தது, எதைச் சோதித்தாலும் பக்கத்தில் ஒரு வெறுந்தண்ணீரை வைத்து அதையும் சோதிக்க வேண்டும். ஒன்றும் இல்லாதது எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்கு, இருப்பது எப்படி இருக்கும் என்றும் தெரியாது. இது அவர் சொன்னதல்ல. அவர் செய்ததைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டது.

கார்பைடு நேரத்தைச் சொல்லும். வருகிற தண்ணீர் யாருடையது என்று அது சொல்லாது. கிணற்றைத் திறந்து சோதிக்கும்போது தண்ணீராக வந்தால், அது பூமிக்குள் இருந்த தண்ணீரா, நாம் அனுப்பிய சேற்றிலிருந்து பாறைக்குள் இறங்கிவிட்ட நம் தண்ணீரா என்று பார்க்க வேண்டும். நம் தண்ணீர் என்றால் பொறுக்கலாம். அது தீர்ந்த பிறகு பின்னால் எண்ணெயோ வாயுவோ வரலாம். பூமியின் தண்ணீர் என்றால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். அதற்காகச் சேற்றில் தயோசயனேட் என்கிற ஓர் உப்பைக் கரைத்து வைப்போம். அடையாள மருந்து என்று நாங்கள் சொல்வோம். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வடிகட்டிய நீரில் ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் ரத்தச் சிவப்பாக மாறிவிடும். சிவந்தால் நம்முடையது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் தண்ணீரைப் பார்த்துவிட்டு எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, இவர் ஒரு சொட்டு விட்டார், சிவந்தது. "நம்ம தண்ணிதான். பொறுங்க" என்றார். பொறுத்தார்கள். சிவப்பு வெளுத்துக்கொண்டே வந்து, பிறகு வாயு வந்தது.

சிவக்காவிட்டால் அவர் 'இல்லை' என்று எழுதமாட்டார். 'இன்று தெரியவில்லை' என்றுதான் எழுதுவார். வாய்ச்சொல்லிலும் "இன்னிக்கு இல்லை" என்பார். மேலதிகாரிகளுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கோ, என்னைப் போல ஒருவர் இந்த உலகத்தில் பெரிய படிப்புப் படித்துவிட்டு இருக்கிறாரே என்று நிம்மதியாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ரிக் என் ஊர்ப் பக்கமே வந்தது. பசுவந்தனைக்கும் கிழக்கே, கடலை நோக்கிப் போகிற கரிசலில் ஒரு சோதனைக் கிணறு. ஊர்ப் பெயரை எழுதவில்லை. இன்னும் அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். சுற்று வட்டாரத்து ஆட்கள் நாற்பது பேருக்காவது கூலி வேலை கிடைத்தது. நான் கோவில்பட்டி வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். சாருக்குக் கடம்பூர் போளி பிடித்துப்போனது. சாப்பிட்ட கையை அவர் கழுவிவிட்டாரா என்று பாட்டிலைத் தொடுவதற்கு முன் நான் பார்த்துக்கொள்வேன்.

ரிக்குக்குப் பக்கத்தில், பழைய சேற்றையும் தண்ணீரையும் கொட்ட ஒரு பெரிய கழிவுக் குழி வெட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் ஊர்க் குடிதண்ணீர்க் கிணறு. அதைச் சுற்றியிருந்த வெள்ளாமை முடிந்த காடுகளில் (எங்கள் பக்கம் புன்செய் நிலத்தைக் காடு என்போம்) பேச்சியம்மாள் ஆட்டுக்கிடை போட்டிருந்தாள். கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் இறந்த பிறகு அவளே மந்தையை வைத்துக்கொண்டு, மகளோடு ஊர் எல்லையில் குடிசை போட்டிருந்தாள். ஆடுகளை ராத்திரி காட்டில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். காட்டுக்காரர்கள் அதற்குக் கம்போ சோளமோ தவசமாகக் கொடுப்பார்கள், பகலில் மேய்ச்சலுக்கும் இடம் கிடைக்கும். கிடை போட இடமில்லை என்றால் அவளுக்கு ஆட்டை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். நான் அக்கா என்பேன். ரிக் பக்கம் போகும்போதெல்லாம் என்னை வம்புக்கு இழுப்பாள். "ஏலே வேலு, பூமிக்குள்ள என்னத்தையோ போட்டுட்டு வாயப் பாத்துக்கிட்டே நிக்கிய. என் கெடா காசு முழுங்குனப்ப நானும் இப்படித்தான் பின்னாடியே நின்னேன்" என்பாள். சாருக்கு இதை நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அன்று வெகுநேரம் சிரித்தார்.

அந்தக் கோடையில் சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு, நைட்ரேட் அதிகமாக இருக்கிறது, கைக்குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊருக்கு நைட்ரேட் என்றால் என்ன தெரியும்? மருந்து கலந்துவிட்டது என்றுதான் தெரிந்தது. ஊரில் மருந்தோடு புழங்குகிறவர்கள் நாங்கள்தான். மறுநாள் காலையில் ரிக் வாசலில் கூட்டம். என்னைத் தெரிந்தவர்களே, "ஏன்வே, நீருதான அந்த அடையாள மருந்தக் கரைக்கது?" என்று கேட்டார்கள்.

சைட் மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் நைட்ரேட் போடுவதில்லை, நைட்ரேட் வருவது ஆட்டு மூத்திரத்திலும் உரத்திலும் என்றார். அது உண்மை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கிணற்றைச் சுற்றிக் கிடை போட்டிருப்பது யார் என்றும் கேட்டுவிட்டார். கூட்டம் அப்படியே தலையைத் திருப்பிக் காட்டுப் பக்கம் பார்த்தது. அங்கே பேச்சியம்மாள் வேலிப்படலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானமே சார் கிணற்றடிக்கு வந்தார். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. அவர் அவசரப்படவில்லை. நான் வாளியை இறக்கி இறைத்து, மூன்று தடவை பாட்டிலை அலசிக் கொட்டினேன். "குடிக்கத் தண்ணியில்ல, கொட்டுதானே பாரு" என்று ஒரு கிழவர் முனகினார். மூன்று கண்ணாடிக் குழல்கள். ஒன்றில் எங்கள் கழிவுக் குழித் தண்ணீர், வடிகட்டியது. ஒன்றில் காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீர். மூன்றாவது ஊர்க் கிணறு. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. குழித் தண்ணீர் பொசுக்கென்று ரத்தமாக மாறியதும் முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். மற்ற இரண்டும் லேசான மஞ்சள். அது அந்தச் சொட்டின் சொந்த நிறம். சார் குழல்களுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார்.

அந்த நேரத்தில் என் மனதில் இருந்ததைச் சொல்கிறேன். சிவந்தால் வேலை நிற்கும். நாற்பது வீட்டில் உலை கொதிக்காது, என் வீடும் அதில் ஒன்று. சிவக்காவிட்டால் பழி முழுக்க அந்தப் பொம்பளை தலையில். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் தாளையே பார்த்தேன். இரண்டு மஞ்சளும் ஒன்றாகத்தான் இருந்தன.

"இன்னிக்கு இல்லை" என்றார் சார்.

'இல்லை' என்று எழுதித் தாருங்கள் என்று மேனேஜர் கேட்டார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'இன்று தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கண்ணாடியை மாட்டாமலேயே நடந்து போனார்.

ரேஷன் கடை முன்னால் ஊர் பேசியது. பஞ்சாயத்து பிரசிடெண்ட் அண்ணாச்சியின் டிராக்டர் எங்கள் ரிக்குக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. அதனால் அவர் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பேரனும் கைக்குழந்தைதான், அதையும் சொல்ல வேண்டும். கிடையைத் தூக்கிவிட வேண்டும், இனி இந்த ஊர்க் காட்டில் யாரும் கிடைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று முடிவானது. இன்னும் சோதிக்க வேண்டியிருக்கிறது என்று ஊரில் சொல்லிவிட்டு வரச் சொல்லி சார் என்னை அனுப்பியிருந்தார். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் மருந்து இன்றைக்குத்தான் வரவில்லை, நாளைக்கு வரலாம் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

பேச்சியம்மாள் கூட்டத்தின் பின்னால் இருந்து கேட்டாள். "ஒங்க மருந்து என்ன மாப்பிள்ளையா வேலு, நாள் பாத்து வாரதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நானும் எம் மவளும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கோம். அவ மாசமா இருக்கா. எங்களுக்கு மட்டும் வேற கெணறா இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆய்வுக் கொட்டகை வாசலுக்கே வந்தாள். குட்டியின் முன்னங்கால் முறிந்து தொங்கியது. "வா, எங்கன முறிஞ்சிச்சின்னு காட்டுதேன்" என்றாள். கழிவுக் குழியின் கரையை ஒட்டிக் கூட்டிக்கொண்டு போனாள். கரிசலைத் தெரிந்தவர்களுக்கு இது அதிசயமில்லை. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, கால் போகும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். அந்த வெடிப்பு குழிக்கரையின் அடியிலேயே ஓடியது. கையில் இருந்த தொரட்டிக் கம்பை அதற்குள் விட்டாள். கம்பு பாதிக்குமேல் உள்ளே போய், கீழே சுக்கான் பாறையில் 'டொக்' என்று தட்டியது.

"கரிசல் மழையில வாய மூடிக்கிடும். இப்பத் தொறந்து கெடக்கு. தொறந்திருக்கையில என்னத்தக் குடுத்தாலும் முழுங்கும். அந்தா இருக்கு கெணறு. முழுங்குனது எங்க போவும்?"

குழி வெட்டிய வெளியூர்ப் பொறியாளர்கள் அதற்குள் பிளாஸ்டிக் தாள் விரிக்கவில்லை. கரிசல் களிமண், தண்ணீரை விடாது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஈரக் கரிசல் விடாதுதான். அவர்கள் மண்ணைப் பார்க்க வந்தது கார்த்திகையில். நான் கரிசலில் பிறந்தவன். குழி வெட்டியபோது அதே கரையில் நின்றவன். எனக்கும் தோன்றவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட்ட நான், காலுக்குக் கீழே இருப்பதை விட்டுவிட்டேன்.

சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வந்து முழங்காலிட்டு, ஓர் இரும்பு நட்டைக் கயிற்றில் கட்டி வெடிப்புக்குள் இறக்கிப் பார்த்தார். யார் தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. குழியில் இப்போது தண்ணீர் மட்டம் தாழ்ந்திருக்கிறது, வெடிப்பின் வாய் அதற்கு மேலே இருக்கிறது, மட்டம் ஏறினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். வெடிப்பை மண் போட்டு மூடச் சொல்லியும் குழிக்குத் தாள் கேட்டும் மேனேஜருக்கு எழுதினார். பார்க்கலாம் என்று பதில் வந்தது. என்னை நாள்தோறும் ஊர்க் கிணற்றில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பிரசிடெண்ட் வீட்டுக்குத் தானே போனார். நான் கூடப் போனேன். கொடுத்த கலரைக் குடித்துவிட்டு, "அண்ணாச்சி" என்று ஆரம்பித்தார். கும்பகோணத்து வாயில் அந்தச் சொல் வேட்டி கட்டத் தெரியாதவன் வேட்டி கட்டின மாதிரி இருந்தது. ஒரு நல்ல மழை பெய்யும் வரை அந்த அம்மாவை இருக்க விடுங்கள், மழைக்குப் பிறகும் எங்கள் மருந்து தெரியாவிட்டால் நானே உங்கள் பக்கம் பேசுகிறேன் என்றார். பிரசிடெண்ட் என்னைப் பார்த்து, "இவிய எப்பவும் இப்படித்தானாவே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, மழை வரைக்கும்" என்றார். அதுவரை கிணற்றை ஒட்டி அடைக்கக் கூடாது என்றும் சொன்னார்.

தினமும் ஒரு சொட்டு. தினமும் மஞ்சள். பேச்சியம்மாள் தூரத்தில் இருந்தே கையை ஆட்டிக் கேட்பாள்; நானும் கையை ஆட்டி இல்லை என்பேன். குட்டியின் காலுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தாள். அது நொண்டிக்கொண்டு அவள் பின்னாலேயே திரிந்தது.

கோடை மழை ஒன்று பேய்மழையாகக் கொட்டியது. வெடிப்பெல்லாம் குடித்துக்கொண்டே இருந்தது. காட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை. மழை விட்டதும் குழியைப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு மழை விழுந்த குழியில் மட்டம் ஏறி, பிறகு கரையில் ஈரத்தடம் விட்டு ஒரு சாண் இறங்கியிருந்தது. எங்கே இறங்கியது என்று நினைத்ததும் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஊர்க் கிணற்றில் தண்ணீர் பிடித்தேன். அன்று மஞ்சள். மறுநாளும் மஞ்சள். அதற்கடுத்த நாள், சொட்டு விட்டு வெள்ளைத் தாளைப் பிடித்தபோது என் கண்ணை நானே நம்பவில்லை. வெற்றிலை போட்டவர் வாய் கொப்பளித்த தண்ணீர், அதிலும் இரண்டாவது கொப்பளிப்பு. அந்த மாதிரி ஒரு வெளிறிய சிவப்பு.

சாரைக் கூப்பிட்டேன். பார்த்தார். "புது பாட்டில் எடுத்து இன்னொரு தடவை பிடிங்க தம்பி" என்றார். பிடித்தேன், சிவந்தது. பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவரே கிணற்றில் வாளி போட்டார். மூன்று தடவை அலசினார். சிவந்தது. பக்கத்தில் வெறுந்தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. 'இன்று உள்ளது' என்று எழுதினார். அந்த அளவில் அந்த உப்பு யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அது வந்த வழியில் குழியில் இருக்கிற மற்றதெல்லாம் வரும் என்றார்.

மேனேஜர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு போனை எடுத்தார். தோண்டுவது நின்றது. குழியை லாரிகளில் இறைத்துக் காலி செய்து, தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள். ஊருக்கு அதுவரை லாரித் தண்ணீர். ஊர்க் கிணற்றை மோட்டார் வைத்து இறைத்து இறைத்து வெளியேற்றினார்கள். நாங்கள் நாற்பது பேரும் கூலியில்லாமல் வீட்டில் இருந்தோம். டீக்கடையில் ஒருவன் என் காதுபட, "ஒரு சொட்ட விட்டு எல்லாரு சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டான்" என்றான். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேலை மறுபடி தொடங்கிய பிறகும் சார் கிணற்றைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. சிவப்பு வெளுத்து வெளுத்து ஒரு நாள் மஞ்சளாக நின்றது. பிரசிடெண்ட் பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, உன் மேல் தப்பில்லை, பழைய இடத்திலேயே கிடை போட்டுக்கொள் என்று ஊர் முன்னால் சொன்னார். எனக்கு மனது நிறைந்துவிட்டது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவள் கொட்டகை வாசலில் நின்றாள். சாரும் இருந்தார்.

"வேலு, செவப்பு ஒங்க பங்கு. அது போயிட்டு. எம் பங்குக்கு நெறம் கெடையாதா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவள் சொன்னாள்: "அந்த சுகாதார ஆளுவ மொதல்ல சொன்னது ஒங்க மருந்தச் சொல்லலல்லா. ஆட்டு மூத்திரத்துல வாரதச் சொன்னாவ. அது இன்னும் இருக்கா போயிட்டா? எம் மவளுக்குப் பேறுகாலம் நெருங்குது. அந்தத் தண்ணியத்தான் காச்சிக் குடுக்கணும்."

அக்கா, அதை யாருமே கேட்கவில்லையே, உன்னைத்தான் விட்டுவிட்டார்களே என்று நான் ஏதோ சொல்ல வந்தேன். சார் கையமர்த்தினார். எழுந்து அவளோடு கிணற்றடிக்கு நடந்தார். மேனேஜர் கேட்டாலும் பிரசிடெண்ட் கேட்டாலும் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தார். மூன்று தடவை அலசினார். சீட்டில் பெயர் எழுதினார்: 'ஊர்க் கிணறு. பேச்சியம்மாள் கேட்டது.' நைட்ரேட் பார்க்கிற தாள்பட்டையை முக்கி எடுத்து, அவள் கையிலேயே கொடுத்தார். அது கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறி, நல்ல கத்தரிப்பூ நிறத்தில் நின்றது.

எல்லாம் உங்கள் ஆடு என்று சொல்ல முடியாது, காட்டுக்குப் போடுகிற உரம் இருக்கிறது, கிணற்றடியில் கட்டுகிற மாடு இருக்கிறது, உங்களுக்கு முன்னால் கிடை போட்டவர்கள் இருக்கிறார்கள் என்று சார் நிதானமாகச் சொன்னார். காய்ச்சினால் இது போகாது என்றும் சொன்னார்.

"எம் பங்கு இருக்கா இல்லையா? அதச் சொல்லுங்க."

"இருக்கும்மா."

அவள் பட்டையை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல நெறந்தான்" என்றாள். தாள்பட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். ஊர் கொடுத்த இடத்தை அவளே விட்டாள். ஓடைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் கிணற்றைப் பார்த்து வராத சரிவில் காடு கேட்டு, அங்கே கிடையை மாற்றிக்கொண்டாள். நடை கூடுதல், தவசம் குறைவு. மகளுக்குக் குழந்தை பிறக்கும் வரை பசுவந்தனை வழியாக வருகிற லாரிக்காரனிடம் சொல்லி ஒரு குடம் தண்ணீர் வாங்கிக்கொண்டாள். அதற்காக அவனிடம் வாயடித்ததை ரிக்கிலிருந்தே கேட்கலாம்.

எங்கள் கிணற்றில் எண்ணெய் இல்லை. கடைசிச் சோதனையில் தண்ணீர்தான் வந்தது. சொட்டு விட்டதும் மஞ்சளாகவே நின்றது. எங்கள் தண்ணீர் அல்ல, பூமியின் தண்ணீர். அதற்கும் சார் 'இன்று தெரியவில்லை' என்றுதான் எழுதினார். ரிக்கைப் பிரித்து வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு அவரோடு வெகுகாலம் வேலை பார்த்தேன். அவர் ஓய்வு பெற்றுப் போனபோது எனக்குத் தன் வெள்ளைத் தாள் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போக நேர்ந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கிணற்றடிக்கு நடந்தேன். இப்போது குழாயில் வேறு தண்ணீர் வருகிறது. ஆனாலும் கிணற்றில் வாளி கிடந்தது. பேச்சியம்மாள் ஓடைப் பக்கமிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். தலை முழுக்க நரை. அவள் கூப்பிடுவதற்கு முன்பே நான் ஒரு வாளி இறைத்துவிட்டேன். கைப்பழக்கம், முதல் மூன்று தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பினேன். நாலாவது கைத் தண்ணீரைத்தான் குடித்தேன்.

"என்னலே, இன்னைக்கு இருக்கா, இல்லையா?" என்று கேட்டாள்.

"நாக்குக்கு அது தெரியாதுக்கா."

"பொறவு எதுக்குக் குடிக்க?"

"தாகமா இருந்துச்சி" என்றேன்.